ஆந்தூரியத்துக்கு நல்ல தண்ணீர்

சித்தப்பாவின் புண் முதல் தடவை ஆறுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுக்குப் போய்த் திரும்பிய புண். அது மூடிய அன்று, வீட்டுக்கு வந்து கட்டுப் போடும் நர்ஸ் ஜோதிகா என் சித்தி மகேஸ்வரியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தோல் இனிமேல் பழைய தோல் ஆகாது, இன்னொரு முறை திறந்தால் எலும்பு வரைக்கும் போய்விடும், அதற்கப்புறம் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. சித்தி இதை என்னிடம் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

சித்திக்கு நாற்பத்து நான்கு வயது. திருவாடானைப் பக்கம் மிளகாய்க் காட்டில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தொரு வயதில் லாரி டிரைவர் யோகேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி போகும் சாலையை ஒட்டி இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் போர் பம்பு என்று ஒரு வீடு. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் மண்டபத்தில் கருவாட்டு மூட்டை ஏற்றிய லாரியின் மேலே நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து சித்தப்பா கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. கைகள் இருந்தன, வாய் இருந்தது, வாய் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது என்பாள் சித்தி.

அன்றிலிருந்து அவளுடைய நாள் இரண்டு இரண்டு மணி நேரமாக வெட்டப்பட்டுவிட்டது. ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகும் என்பதால் இரண்டு மணிக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு நடுவே சமையல், துணி, சிறுநீர் டியூப் மாற்றுவது, ஆடு ஒன்றுக்குத் தழை. ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட முகூர்த்தம் முடிகிற வரை அவளால் உட்கார முடியாது. பந்தியில் இருந்து பாதியில் எழுந்து போனவள் என்று ஒரு சம்பந்தி வீட்டில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

புண் ஆறிய பிறகு கொஞ்ச நாள் நல்ல காலம் இருந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் சித்தப்பாவை வீல்சேரில் உட்கார வைக்கலாம் என்று ஜோதிகா அனுமதித்திருந்தாள். தெரு முக்கில் இருக்கும் மதார் டீக்கடைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, சித்தி அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தனியாக இருப்பாள். என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்ய மாட்டேன், சும்மா இருப்பேன் என்றாள்.

நான் வந்தது ஆனிக் கடைசியில். ஆறு வருடமாக நாடு நாடாகச் சுற்றி, கிடைத்த வேலையைச் செய்து, கடைசியில் காசும் தீர்ந்து காலும் அலுத்துத் திரும்பியிருந்தேன். மதுரையில் அம்மா வீட்டில் பத்து நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை. நாலு நாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்தேன். சித்தி என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். எப்போது திரும்பிப் போவாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

முன்னறையில் சித்தப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஜன்னல் ஓரமாக ஒரு முக்காலியின் மேல் அந்தச் செடி இருந்தது. பெயிண்ட் வாளியில் வைத்த ஆந்தூரியம். அகலமான, இதயம் போன்ற இலைகள். சிவப்பில் எண்ணெய் தடவியது போல மினுங்கும் ஒற்றைப் பூ. வீட்டுக்கு வருகிற யாரும் முதலில் கேட்பது அது பிளாஸ்டிக்கா என்பதுதான். நம்பாமல் நகத்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். சித்தப்பா படுத்தபடியே சத்தம் போடுவார்.

அவர் விழுவதற்கு முந்தின லாரி நடையில் சங்கனாச்சேரியில் கருவாடு இறக்கிய இடத்தில், சரக்குக் கிட்டங்கிக்காரர் வீட்டு அம்மா கொடுத்த செடி அது. அங்கே கிணற்றடியிலும் கழிவறைச் சுவரோரமும் களையைப் போல முளைத்துக் கிடந்ததாம். வண்டியில் கிளீனர் இருக்கையில் வைத்து, குமுளி மலை இறங்கி, ஜன்னலைச் சாத்தியே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு அடுத்த நடைக்கு அவர் போகவில்லை. மூன்று வருடமாகக் கட்டிலில் இருந்து அவர் பார்ப்பது அதைத்தான். வலது பக்கம் திருப்பிப் போட்டால் செடி தெரியும். இடது பக்கம் போட்டால் சுவர். சுவர்ப் பக்கம் இருக்கும்போது மணி ஆகிவிட்டதா என்று அரை மணிக்கு ஒரு முறை கேட்பார்.

சித்தி அந்தச் செடியை மிளகாய்ச் செடியை வளர்ப்பது போலத்தான் வளர்த்தாள். மிளகாய்க்கு நிலம் வெடிக்கிற வரை காயவிட்டு, இலை வாடித் தொங்கும்போது தண்ணீர் கட்டினால்தான் காய் காரமாகத் திரளும் என்று அவள் அய்யா காட்டில் பார்த்துப் பழகியவள். அதே போல ஆந்தூரியத்தையும் வாடவிட்டு, பிறகு போர் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றுவாள். மாதத்துக்கு ஒரு முறை ஆட்டுப் புழுக்கை ஒரு கை. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வாளியின் மண்ணில் வெள்ளையாக ஒரு படிவு நின்றது. இலைகளின் நுனியெல்லாம் பீடி சுட்டது போலக் கருகியிருந்தது. ஒரு காலத்தில் பன்னிரண்டு இலை இருந்ததாம். நான் வந்தபோது ஐந்து.

ஆடி பிறந்ததும் கச்சான் காற்று ஆரம்பித்தது. கடல் எட்டு மைலில் இருக்கிறது என்ற பெயர்தான். ஆடியில் மேற்கிலிருந்து பொட்டல் வழியாக வருகிற காற்றுக்கு ஈரம் என்பதே கிடையாது. உதடு வெடிக்கும், கதவின் மரம் வெடிக்கும். அந்தக் காற்று ஜன்னல் வழியாக நேராகச் செடியின் மேல் அடித்தது. மேலே மின்விசிறி இரவும் பகலும் ஓடியது. ஒரு வாரத்தில் ஐந்து இலையில் இரண்டு அப்பளம் போல ஆயின. சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்தார். நேராக எதுவும் சொல்லவில்லை. வலது பக்கம் திருப்பிப் போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். ஈக்வடாரில் மழைக்காட்டின் ஓரத்தில் ஒரு விடுதியில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே இந்தச் செடி மரங்களின் மேல் பாசியைப் பிடித்துக்கொண்டு வளர்வதைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்தால் போர்வை, சட்டை, தீப்பெட்டி எல்லாம் நமுத்திருக்கும். அந்த ஈரம்தான் அதற்குச் சோறு என்றேன். வேருக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது, ஆனால் காற்று ஈரமாக இருக்க வேண்டும். நேர் வெயில் கூடாது, காற்று வீச்சு கூடாது, உப்பு கூடவே கூடாது.

“ஆறு வருசம் ஊரச் சுத்தி இதத்தான் படிச்சிட்டு வந்தியாக்கும்” என்றாள் சித்தி.

சித்தப்பா கண்ணைத் திறந்து, “நீ சொல்லு தாயி. அவளுக்கு மொளகாயத் தவிர ஒண்ணும் தெரியாது” என்றார்.

மறுநாளே ஆரம்பித்தோம். வாளி மண்ணைத் தட்டிவிட்டு, வேரை அலசி, தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கொஞ்சம் மணலும் கலந்து புதிதாக நட்டேன். ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, கல்லின் மேல் வாளியை வைத்தேன். இலைகளை ஈரத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். ஜன்னலில் கோணிச் சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு நனைத்து வைத்தேன். மின்விசிறியை இரவில் ஒன்றில் வைத்தோம், பகலில் நிறுத்தினோம். கட்டிலில் இருந்து சித்தப்பா ஒவ்வொன்றையும் பார்த்து, அது கோணலாக இருக்கிறது, இதை இன்னும் தள்ளி வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனருக்குச் சொல்வது போல இருந்தது. மூன்று வருடத்தில் அவர் ஒரு வேலையை முன்னின்று நடத்துவது அன்றுதான் என்று சித்தி என்னிடம் அடுப்படியில் சொன்னாள். அவள் சிரித்ததை அன்று பார்த்தேன்.

தண்ணீர்தான் சிக்கல். குழாயில் நல்ல தண்ணீர் ஆறு நாளைக்கு ஒரு முறை வரும். இரண்டு டிரம்மும் பதினான்கு குடமும் நிறைந்தால் அதுதான் ஆறு நாளைக்கு. குடிக்க, உலை வைக்க, குழம்பு வைக்க. அது தவிர சித்தி தினமும் ஒன்றரைக் குடத்தை ஒரு காரியத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாள். சித்தப்பாவின் படுக்கை விரிப்பைப் போர் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவாள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செடிக்கும் தாம்பாளத்துக்கும் சாக்குக்கும் நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல் ஆயிற்று. சாக்கைப் போர் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். காய்ந்ததும் உப்புப் பொரிந்து இலையின் மேல் மாவு போல விழுந்தது. மூன்றாவது நாள் குடங்கள் காலியாக நின்றன. சாக்குப் போடுவதை விட்டுவிடலாம் என்றாள் சித்தி.

“துணி அலசுறதுக்கு உப்புத் தண்ணி போதும். ஊரே அதுலதான அலசுது” என்றார் சித்தப்பா.

“ஊரு படுத்தா கெடக்கு?” என்றாள் சித்தி.

அவர் செடியைப் பார்த்தபடி கிடந்தார். நானும் அவர் பக்கம் பேசினேன். டெட்டால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், கிருமி ஒன்றும் இருக்காது என்றேன். சித்தி கொஞ்ச நேரம் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போட்டிருக்கலாம். அன்று காலையில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது, இரவில் ஐந்து முறை எழுந்திருந்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். அவளால் அன்று அதற்கு மேல் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

செடிக்கு நன்றாகத்தான் இருந்தது. இருபது நாளில் நடுவிலிருந்து சுருட்டிய பீடி இலை போல ஒரு குருத்து வந்தது. செம்பு நிறத்தில் மெதுவாக விரிந்து, பிறகு பச்சையாயிற்று. பின்னாலேயே இன்னொன்று. அறைக்குள் நுழைந்தால் மழை பெய்து விட்ட இடத்தின் வாடை அடித்தது. சித்தப்பா சாப்பிட்டார். சுவர்ப் பக்கம் திருப்ப வரும்போது இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சினார். அந்தப் பத்து நிமிடங்களை நான் பலமுறை கொடுத்தேன். சித்தி ஊரில் ஒரு காரியத்துக்குப் போன நாளில், ஒரு முறை திருப்பவே இல்லை.

ஆவணி முதல் வாரத்தில் ஜோதிகா வந்தாள். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பேச ஆரம்பிப்பாள். மண்டபம் வரைக்கும் அவளுக்கு முப்பது வீடு. அறைக்குள் வந்தவள் பேச்சை நிறுத்தினாள். சாக்கையும், நின்றிருந்த விசிறியையும், தாம்பாளத்தையும் பார்த்தாள். சித்தப்பாவைக் கவிழ்த்துப் போட்டோம். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அவள் முதலில் புண்ணைத் தொடவில்லை. விரிப்பைத் தொட்டாள். விரல்களால் ஒரு முனையைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தாள்.

“அக்கா, இத எந்தத் தண்ணியில அலசுனீங்க?”

சித்தி சொன்னாள்.

ஜோதிகா என்னைத் திட்டவில்லை. யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரில் அலசிய துணி வெயிலில் மொடமொடவென்று காயும், ஆனால் நூலில் உப்பு நிற்கும், கொஞ்சம் ஈரக் காற்று பட்டாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துணியை நசநசவென்று ஆக்கிவிடும் என்றாள். அதன் மேல் நாள் முழுக்க ஒருவர் அசையாமல் கிடந்தால் தோல் ஊறிப்போகும். ஊறிய தோல் விரலால் தேய்த்தாலே கழன்று வரும். அவள் ஒரு தேதியையோ பெயரையோ சொல்வது போல இதைச் சொல்லிக்கொண்டே கையுறை மாட்டினாள். சித்தி தலையை ஆட்டினாள். அவளுக்கு இது முன்பே தெரியும். தினமும் ஒன்றரைக் குடம் ஒதுக்கி வைத்தது அதற்குத்தான்.

பழைய தழும்பின் மேலேயே தோல் விட்டிருந்தது. இரண்டு விரல் நீளம், ஓரங்கள் வெளுத்து, நடுவில் ஈரச் சிவப்பு. எலும்புக்கு இன்னும் போகவில்லை, இப்படியே விட்டால் பத்து நாளில் போய்விடும் என்றாள் ஜோதிகா. விசிறி ஓட வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும், நாளைக்கு இரண்டு விரிப்பு, நல்ல தண்ணீர் அலசல், வீல்சேர் கூடாது. செடியை வெளியே வைத்துவிடுங்கள். பத்து நாளில் திரும்ப வந்து பார்ப்பேன், இதைவிடப் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்துவிடுவேன் என்றாள்.

அவள் போனதும் நான் சாக்கை அவிழ்த்தேன். சித்தப்பா கவிழ்ந்து கிடந்தபடியே, “இருக்கட்டும், விடு” என்றார்.

விசிறியை வேகமாக வைக்காதே, செடி போய்விடும் என்றார். மருந்து போட்டால் ஆறிவிடும், போன தடவை ஆறவில்லையா என்றார். இந்தப் பெண் சின்னப் பெண், எல்லாவற்றுக்கும் பயமுறுத்துவாள் என்றார். அதையெல்லாம் சித்தி கேட்டுக்கொண்டே விரிப்பை மாற்றினாள். அவர் கடைசியாகச் சொன்னதுதான் அவளை நிறுத்தியது.

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே, மகேசு.”

சித்தி நிமிர்ந்தாள். ஜோதிகாவுக்கு அனுப்புவதற்காக வாரம் ஒரு முறை புண் இருந்த இடத்தைப் படம் எடுத்து வைப்பது வழக்கம். அன்றும் என் கைபேசியில் எடுத்திருந்தேன். முந்தின வாரப் படத்தில் தழும்பு கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். இந்த மூன்று வருடத்தில் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவருக்குக் காட்டியதில்லை. காட்டக் கூடாது என்பது சித்தியின் சட்டம். மனசு விட்டுப்போகும், அப்புறம் சாப்பிட மாட்டார் என்பாள். அவருடைய முதுகில் என்ன இருக்கிறது என்பது நர்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், திருப்பூரில் இருக்கும் மகனுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

சித்தி என் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கவிழ்ந்து கிடந்தவரின் முகத்துக்கு நேராக அதைப் பிடித்தாள்.

“இந்தா பாருங்க. இது உங்களுது.”

அவர் பார்த்தார். முதலில் புரியவில்லை. எது மேல் எது கீழ் என்று தெரியாமல் கழுத்தைச் சாய்த்தார். பிறகு தெரிந்துவிட்டது. சித்தி கையை எடுக்கவில்லை. கைபேசியின் வெளிச்சம் அணைந்தபோது மறுபடி தொட்டு எரிய வைத்துப் பிடித்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

“போன தடவ?” என்று கேட்டார்.

“போன தடவ இத விடப் பெருசு.”

“நீ தெனம் இதப் பாத்துக்கிட்டா சோறு தின்ன?”

“கை கழுவிட்டுத் தின்னேன்.”

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாங்கள் விசிறியை மூன்றில் வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் செடியை எங்கேயாவது கொண்டுபோய் வையுங்கள், குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றார்.

எங்கே வைப்பது? பின்கட்டில் வெயில். குளியலறையில் உப்பு. பக்கத்து வீடுகளில் எல்லாம் கச்சான் காற்று. சித்திதான் மதார் கடையைச் சொன்னாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் தட்டி, காலை நாலரை முதல் இரவு வரை பாய்லர் கொதித்துக்கொண்டே இருக்கும் கடை. உள்ளே நின்றால் முகத்தில் ஆவி படியும். வாளியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

மதார் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வைங்க மதினி. பாய்லருக்கு அந்தாண்ட எடம் கெடக்கு. ஆனா பாலு பொங்குனா பாலப் பாப்பேனா செடியப் பாப்பேனான்னு கேக்கப்படாது” என்றார். சர்க்கரை டின்னை நகர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் இடம் செய்து கொடுத்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததில் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அதன் கஷ்டம். இரண்டு மணி, இரண்டு மணி, இரண்டு மணி. பாதி முறை நான் திருப்பினேன். சுவர்ப் பக்கமும் ஜன்னல் பக்கமும் இப்போது ஒன்றுதான். அவர் மணி கேட்பதை நிறுத்திவிட்டார். பேச்சும் குறைந்தது. பத்தாம் நாள் ஜோதிகா வந்து ஸ்கேலை வைத்து அளந்தாள். பெரிதாகவில்லை, சின்னதும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு இப்போது வேண்டாம் என்றாள். சித்தி அவளுக்கு மோர் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டுப் போன பிறகு சித்தி அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அழுகிறாளோ என்று நினைத்தேன். தூங்கிப் போயிருந்தாள்.

புரட்டாசியில் புண் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை. தினம் இரண்டு விரிப்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காய வைத்தோம். மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து அலசியதால் நல்ல தண்ணீருக்கு மட்டும் பஞ்சம் இல்லை. இந்த ஈரத்தில் செடி வீட்டுக்கே வந்திருக்கலாம். அதை நான் நினைத்தேன், சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு முறை சித்தி அவரைத் திருப்பும்போது அவளுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் குனிய முடியாமல், நின்றபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நான்கு நாளில் எனக்கு அவளுடைய மூன்று வருடம் உடம்பில் தெரிந்தது. மதுரையிலிருந்து அம்மா கூப்பிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். அதையே நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் மெல்லிய வெள்ளைத் தோல் மூடியது. தை பத்தாம் தேதி வந்து பார்த்த ஜோதிகா, காற்று மெத்தையை வீல்சேர் சீட்டில் போட்டுப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள் என்றாள். பதினைந்துக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. வந்ததும் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் சிவப்பு மறைந்தால் நல்லது. மறையாவிட்டால் இன்னும் ஒரு மாதம் படுக்கைதான்.

மதார் கடைக்குப் போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். சித்தப்பா அந்தக் கணக்கை எங்களுக்கு முன்னால் போட்டுவிட்டிருந்தார். சட்டை மாற்றிக்கொண்டார். சித்தி தள்ள, நான் குழிகளில் முன் சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஆந்தூரியம் அலமாரியின் கீழ்த்தட்டை நிறைத்துக்கொண்டு நின்றது. ஒன்பது இலை. இரண்டு பூ. இலைகளின் மேல் டீத்தூளும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, பச்சை எது கறுப்பு எது என்று தெரியவில்லை. வாளியில் இரண்டு பீடித் துண்டு கிடந்தது. மதார் கிளாஸ் கழுவிய தண்ணீரை எடுத்துச் சாவகாசமாக அதில் ஊற்றினார்.

“என்னய்யா, எச்சித் தண்ணிய ஊத்துறீரு?” என்றார் சித்தப்பா.

“அஞ்சு மாசமா இதத்தானண்ணே குடிக்கிது. அதுல பாலு இருக்கு, சீனி இருக்கு. நீங்க குடுத்தீகளா?”

சித்தப்பாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டி நெருங்கிப் போனார். தோளில் கிடந்த துண்டின் முனையை டம்ளர் தண்ணீரில் நனைத்து, பெரிய இலை ஒன்றைப் பிடித்து மேல் பக்கம் துடைத்தார், பிறகு அடிப்பக்கம். அடுத்த இலைக்குக் கையை நீட்டினார். சித்தி வாங்கிய டீ அவள் கையிலேயே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணியாச்சு.”

அவர் இன்னும் ஒன்று என்று கேட்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சித்தி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு மணல் டிராக்டர் வழிமறித்துவிட்டது. அவரைக் கவிழ்த்துப் போட்டோம். புதிய தோலைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்றிருந்தது. சித்தி அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் வெளுத்து, மறுபடி சிவந்தது.

“என்ன, எப்படி இருக்கு?” என்று தலையணைக்குள் இருந்து கேட்டார்.

“பேசாம கெடங்க. அரை மணி ஆவட்டும்.”

சித்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவள் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஓரங்கள் மங்கியது போல எனக்குத் தோன்றியது. சித்திக்குத் தோன்றவில்லை. விளக்கைப் போடச் சொன்னாள், குனிந்து பார்த்தாள், மறுபடி விரலை வைத்தாள்.